மேரி மேலன் என்ற சமையற்காரர்

1906ஆம் ஆண்டின் கோடைக்காலம். அமெரிக்காவின் நியூயார்க் நகரச் செல்வந்தர்கள் வெயிலுக்குத் தப்பிக் கடலோர ஊர்களுக்குச் சென்று தங்குவது அக்கால வழக்கம். லாங் ஐலண்டில் உள்ள ஆய்ஸ்டர் பே அத்தகைய ஊர்களுள் ஒன்று. அப்போதைய அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் இல்லமும் அவ்வூரில்தான் இருந்தது. சார்லஸ் ஹென்றி வாரன் என்ற வங்கியாளர் அங்கே ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடும் பணியாளர்களோடும் தங்கியிருந்தார். வீட்டில் மொத்தம் 11 பேர்.

ஆகஸ்டு மாதக் கடைசியில் அவருடைய மகள் ஒருத்திக்குக் காய்ச்சல் கண்டது. அடுத்த ஒரு வாரத்திற்குள் வாரனின் மனைவி, இன்னொரு மகள், பணிப்பெண்கள் இருவர், தோட்டக்காரர் என நோயாளிகளின் எண்ணிக்கை ஆறாக உயர்ந்தது. வந்திருப்பது டைபாய்டு என்று மருத்துவர்கள் கண்டறிந்தனர்.

ஊரார் திகைத்துப் போனார்கள். டைபாய்டு என்றால், நெருக்கமான குடியிருப்புகளிலும் கழிவுநீர் தேங்கும் சந்துகளிலும் வாழும் ஏழைகளைத் தாக்கும் நோய் என்றே அக்காலத்தில் பலரும் எண்ணியிருந்தனர். காற்றோட்டமான கடற்கரை மாளிகைக்குள் அது எப்படி நுழைந்தது? வீட்டின் உரிமையாளருக்கோ வேறொரு கவலை. நோய்க்குக் காரணம் தெரியாவிட்டால் அடுத்த கோடையில் அவ்வீட்டை யாரும் வாடகைக்கு எடுக்கமாட்டார்கள். ஆகவே அவர் ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியாளரை அழைத்தார். டைபாய்டு பரவிய ஊர்களில் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதில் சோப்பர் பெயர் பெற்றவர்.

அவருடைய தேடலைப் புரிந்துகொள்ள, முதலில் அந்த நோயைப் பற்றிச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

டைபாய்டைத் தமிழில் குடற்காய்ச்சல் என்றும் கூறுவர். சால்மொனெல்லா டைபி என்னும் பாக்டீரியாவே அதற்குக் காரணம். கார்ல் எபர்த் என்ற அறிஞர் 1880ஆம் ஆண்டில் அக்கிருமியை நுண்ணோக்கியில் கண்டு விவரித்தார். சால்மொனெல்லா குடும்பத்தில் பல வகைக் கிருமிகள் உள்ளன. சரியாக வேகாத கோழியிறைச்சியாலும் முட்டையாலும் வயிற்றுப்போக்கை உண்டாக்குபவை வேறு வகையைச் சேர்ந்தவை. அவை பெரும்பாலும் ஓரிரு நாளில் வயிற்றைக் கலக்கி, சில நாளில் ஓய்ந்துவிடும். டைபி அப்படிப்பட்டதன்று. அது விலங்குகளிடம் வாழ்வதில்லை. மனித உடலை மட்டுமே தன் வீடாகக் கொண்டது. எனவே ஒருவருக்கு டைபாய்டு வந்திருக்கிறது என்றால், அந்தக் கிருமி எங்கோ இன்னொரு மனிதரின் உடலிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். நோயாளியின் மலத்தில் வெளியேறும் கிருமி, குடிநீரிலோ பாலிலோ உணவிலோ கலந்து மற்றவரின் வாய்க்குள் செல்கிறது. கழுவாத கை ஒன்றே அதற்குப் போதும்.

உள்ளே சென்ற கிருமி உடனே தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. சிறுகுடலின் சுவரைத் துளைத்து, இரத்தத்தில் கலந்து, கல்லீரல், மண்ணீரல், எலும்பு மச்சை ஆகிய இடங்களில் தங்கிப் பெருகுகிறது. இதற்குப் பெரும்பாலும் ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை ஆகும். அதுவரை அந்த மனிதர் வழக்கம்போல் உண்டு, உறங்கி, வேலை செய்துகொண்டிருப்பார். பிறகு இலேசான காய்ச்சலும் தலைவலியும் தொடங்கும். காய்ச்சல் ஒரே நாளில் உச்சத்தைத் தொடாமல், படிக்கட்டில் ஏறுவதுபோல் நாளுக்கு நாள் உயர்ந்து 39, 40 பாகை செல்சியசை எட்டும். பசி அற்றுப்போகும். வயிறு வலிக்கும். சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு வயிற்றுப்போக்கு. மார்பிலும் வயிற்றிலும் சிறு சிறு இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றுவதும் உண்டு. நோய் முற்றினால் நோயாளி அரை மயக்கத்தில் கிடப்பார், பொருளின்றிப் பிதற்றுவார். மூன்றாவது வாரந்தான் மிகவும் ஆபத்தானது. குடலில் இரத்தம் கசியலாம். குடலில் ஓட்டை விழுந்து உயிருக்கே உலை வைக்கலாம். அன்று அதற்கு மருந்து இல்லை. உடலைக் குளிர்ந்த துணியால் துடைத்து, நீர் ஆகாரம் கொடுத்து, காய்ச்சல் தணியும்வரை காத்திருப்பதுதான் சிகிச்சை. நோய் கண்டவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இறந்தனர்.

இவற்றை எல்லாம் அறிந்த சோப்பர், ஆய்ஸ்டர் பே வீட்டில் தண்ணீரிலிருந்து தம் ஆய்வைத் தொடங்கினார். கிணறும் கழிவுத் தொட்டியும் குறையின்றி இருந்தன. பாலிலும் ஐயத்திற்கு இடமில்லை. கடற்கரையில் வாங்கிய சிப்பிகளின்மீது அவருக்குச் சந்தேகம் எழுந்தது; ஆனால், அதே சிப்பிகளை ஊர் முழுவதும் உண்டிருக்க, இந்த ஒரு வீட்டில் மட்டும் நோய் வந்தது ஏன்? பிறகு அவர் நாள்காட்டியைப் பின்னோக்கிப் புரட்டினார். நோய் வெளிப்பட்டது ஆகஸ்டு 27இல். அப்படியானால் கிருமி உடலுக்குள் புகுந்தது அம்மாதத்தின் முற்பகுதியில். அந்நாள்களில் வீட்டில் என்ன மாற்றம் நிகழ்ந்தது என்று விசாரித்தார். விடை எளிமையாக இருந்தது. ஆகஸ்டு 4இல் வீட்டிற்குப் புதிய சமையற்காரர் ஒருவர் வந்திருந்தார். நோய் பரவிச் சில வாரங்களில் அவர் வேலையைவிட்டுச் சென்றும்விட்டார்.

அவர் பெயர் மேரி மேலன்.

சமைத்த உணவு வழியாக அவர் நோயைப் பரப்பியிருக்க முடியாது. அடுப்பின் வெப்பத்தில் டைபி கிருமி செத்துவிடும். ஆனால் மேரி செய்யும் ஒரு பதார்த்தம் அவ்வீட்டாருக்கு மிகவும் பிடித்திருந்தது. பச்சையான பீச் பழங்களை நறுக்கிப் போட்ட பனிக்கூழ் அது. பழத்தை நறுக்கிய கையில் கிருமி இருந்தால், அதைக் கொல்ல அங்கே நெருப்பு இல்லை, குளிர்ச்சிதான் இருந்தது.

மேரி மேலன் 1869ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் அயர்லாந்தின் டைரோன் மாவட்டத்தில் குக்ஸ்டவுன் என்ற ஊரில் பிறந்தார். வறுமையின் காரணமாகப் பல்லாயிரம் அயர்லாந்துக்காரர்கள் கப்பலேறிய காலம் அது. மேரியும் பதின்ம வயதிலேயே தனியாக அமெரிக்காவுக்குச் சென்றார். உறவினர் வீட்டில் தங்கி, பிறர் வீடுகளில் வேலை செய்யத் தொடங்கினார். சமையலில் அவருக்கு இயல்பாகவே கைமணம் இருந்தது. வீட்டு வேலை செய்வோருள் சமையற்காரருக்குத்தான் மதிப்பும் ஊதியமும் அதிகம். அந்த நிலைக்கு அவர் தம் உழைப்பால் உயர்ந்தார். உயரமான, வலிமையான உடல். நோய்நொடி என்று படுத்ததாக அவருக்கு நினைவே இல்லை. இந்தக் கடைசிச் செய்திதான் அவருடைய வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்தது.

வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்கள் மூலம் சோப்பர், மேரி முன்பு வேலை செய்த வீடுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தார். எட்டுக் குடும்பங்களில் ஏழு குடும்பங்களில் டைபாய்டு வந்திருந்தது. 1902இல் மேய்ன் மாநிலத்தின் டார்க் ஹார்பரில் ஒரு வழக்கறிஞரின் வீட்டில் ஒன்பது பேரில் ஏழு பேர் படுத்துவிட்டனர். மேரி அங்கிருந்து ஓடிவிடவில்லை. நோயாளிகளுக்கு இரவு பகலாகப் பணிவிடை செய்தார். மனம் நெகிழ்ந்த அந்த வழக்கறிஞர் அவருக்கு 50 டாலர் அன்பளிப்பாகக் கொடுத்தார். நோயைக் கொண்டுவந்தவரே நோயாளிகளைக் காப்பாற்றவும் பாடுபட்டிருக்கிறார் என்பது அப்போது அங்கிருந்த எவருக்கும் தெரியாது, மேரிக்கும்தான்.

நோயின் அறிகுறியே இல்லாத ஒருவர் நோயைப் பரப்ப முடியும் என்பது அன்று மருத்துவ உலகிற்கே புதிய செய்தி. செருமானிய அறிஞர் ராபர்ட் கோக் அதைப் பற்றிப் பேசத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. டைபாய்டு வந்து குணமானவர்களில் நூற்றுக்குச் சிலருடைய உடலைவிட்டுக் கிருமி முற்றிலும் நீங்குவதில்லை. அது பித்தப்பையில் பதுங்கிக்கொள்கிறது. அங்கிருந்து பித்தநீரோடு குடலுக்கு இறங்கி, மலத்தோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். சிலருக்கு முதலில் வந்த காய்ச்சலே மிக இலேசாக, ஏதோ தடுமன் என்று எண்ணும்படி வந்து போயிருக்கும். இப்படிப்பட்டவர்களை நோய்க்கடத்திகள் என்பர். அமெரிக்காவில் இவ்வாறு ஆரோக்கியமான நோய்க்கடத்தி என்று முதன்முதலாக அடையாளம் காணப்பட்டவர் மேரி மேலனே.

1907 மார்ச்சு மாதம், நியூயார்க்கின் பார்க் அவென்யூவில் ஒரு செல்வந்தரின் வீட்டுச் சமையலறையில் சோப்பர் அவரைக் கண்டுபிடித்தார். அந்த வீட்டிலும் டைபாய்டு நுழைந்திருந்தது. வீட்டாரின் ஒரே மகள் அந்நோயால் உயிரிழந்தாள். சோப்பர், மேரியிடம் நேரடியாக விஷயத்திற்கு வந்தார். அவர் சமைத்த உணவால் மக்கள் நோயுற்றிருக்கிறார்கள் என்றும், பரிசோதனைக்காக அவருடைய மலம், சிறுநீர், இரத்தம் ஆகியவை வேண்டும் என்றும் கேட்டார். முன்பின் அறியாத ஓர் ஆடவர் சமையலறைக்குள் வந்து ஒரு பெண்ணிடம் இப்படிக் கேட்டால் என்ன நடக்கும்? மேரி, இறைச்சி வெட்டப் பயன்படும் நீண்ட முட்கரண்டியை எடுத்துக்கொண்டு அவரை விரட்டினார். சோப்பர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று தெருவுக்கு ஓடினார். அறிவில் குறையில்லாத சோப்பருக்கு, மனிதரிடம் பேசும் பக்குவம் சற்றுக் குறைவு என்றே தோன்றுகிறது. இரண்டாவது முறை அவர் ஒரு மருத்துவரைத் துணைக்கு அழைத்துச் சென்றும் பயனில்லை.

அதன் பிறகு நகரச் சுகாதாரத் துறை, மருத்துவர் சாரா ஜோசபின் பேக்கரை அனுப்பியது. பெண் மருத்துவர்கள் அரிதாக இருந்த காலத்தில் மருத்துவம் படித்தவர் அவர். தம் தந்தையை டைபாய்டு நோய்க்குப் பறிகொடுத்தவரும்கூட. அவரிடமும் மேரி இணங்கவில்லை. மறுநாள் பேக்கர் காவலர்களோடும் மருத்துவ வண்டியோடும் வந்தார். கதவைத் திறந்த மேரி, நிலைமையைப் புரிந்துகொண்டு மாயமாய் மறைந்தார். வீடு முழுவதும் தேடினார்கள். பக்கத்து வீட்டிலும் தேடினார்கள். பனியில் பதிந்த காலடித் தடங்கள் வேலிவரை சென்றிருந்தன. மணிக்கணக்காகத் தேடியபின், ஒரு சிறிய அறையின் கதவிடுக்கில் நீலநிறத் துணியின் நுனி ஒன்று சிக்கியிருப்பதை ஒரு காவலர் கண்டார். கதவின் முன்னால் குப்பைத் தொட்டிகள் குவித்து வைக்கப்பட்டிருந்தன. மேரியை மறைத்துவைக்க மற்றப் பணியாளர்கள் உதவியிருக்கிறார்கள் என்பது அதிலிருந்தே தெரிந்தது. வெளியே வந்தவர் கடுமையாகப் போராடினார். மருத்துவமனை சென்று சேரும்வரை வண்டிக்குள் பேக்கர் அவர்மீது உட்கார்ந்தே செல்ல வேண்டியிருந்தது.

பரிசோதனையில் சோப்பரின் கணிப்புச் சரியென்று தெரிந்தது. மேரியின் மலத்தில் டைபாய்டுக் கிருமிகள் ஏராளமாக இருந்தன. மருத்துவர்கள் பித்தப்பையை அறுவை சிகிச்சை மூலம் அகற்றலாம் என்றனர். அக்காலத்தில் அது உயிருக்கு ஆபத்தான சிகிச்சை. குணமாகும் என்ற உறுதியும் இல்லை. மேரி மறுத்துவிட்டார். தாம் நோயாளியே அல்லர் என்று உறுதியாக நம்பிய ஒருவர், எதற்காகத் தம் வயிற்றைக் கிழித்துக்கொள்ள இசைவார்?

சுகாதாரத் துறை அவரை நார்த் பிரதர் தீவுக்கு அனுப்பியது. நியூயார்க்கின் ஈஸ்ட் ஆற்றில் உள்ள சிறிய தீவு அது. காசநோய் முதலிய தொற்றுநோய் கண்டவர்களுக்கான ரிவர்சைடு மருத்துவமனை அங்கே இருந்தது. ஆற்றங்கரையில் ஒரு சிறு வீட்டை மேரிக்கு ஒதுக்கினார்கள். அவர் எந்தக் குற்றத்திற்காகவும் விசாரிக்கப்படவில்லை; எந்த நீதிபதியும் அவருக்குத் தண்டனை விதிக்கவில்லை. இருந்தும் அங்கிருந்து வெளியேற அவருக்கு அனுமதி இல்லை. ஆற்றுக்கு அப்பால் நகரம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

1907 மார்ச்சு முதல் 1909 சூன் வரை அவரிடமிருந்து எடுத்த 163 மல மாதிரிகளில் 120இல் கிருமி இருந்தது. மீதி 43இல் இல்லை. இந்த இரண்டு எண்களில்தான் மேரிக்கும் மருத்துவர்களுக்கும் இடையிலான சண்டை முழுவதும் அடங்கியிருக்கிறது. நோய்க்கடத்தியின் உடலிலிருந்து கிருமி நாள்தோறும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை. சில வாரம் மிகுதியாக வரும், சில வாரம் காணாமலே போகும். மேரி தம் சொந்த முயற்சியில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்திற்கு மாதிரிகளை அனுப்பினார். அங்கிருந்து வந்த முடிவுகளில் கிருமி இல்லை. அரசாங்க மருத்துவர்கள் தம்மைக் காரணமின்றி அடைத்து வைத்திருக்கிறார்கள் என்ற அவருடைய எண்ணம் இதனால் மேலும் வலுப்பட்டது. அந்த மருத்துவர்கள் நடந்துகொண்ட விதமும் அந்த எண்ணத்தை மாற்றக்கூடியதாக இல்லை. ஒருவர் மாற்றி ஒருவர் புதுப்புது மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தனர். அவருடைய இடக்கண் இமை செயலிழந்து மூடாமல் போனபோது, மாதக்கணக்கில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நடமாடும்போது கண்ணைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டதாகவும் இரவில் அதன்மீது துணிக்கட்டுக் கட்டிக்கொண்டதாகவும் அவர் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

1909ஆம் ஆண்டில் மேரி ஒரு வழக்கறிஞரின் உதவியோடு நீதிமன்றம் சென்றார். நாளிதழ்கள் அவருடைய கதையைப் பெரிதாக வெளியிட்டன. சமைக்கும் சட்டியில் மண்டையோடுகளைப் போடும் பெண்ணாக அவரைப் படம் வரைந்தன. டைபாய்டு மேரி என்ற பட்டப்பெயர் நாடெங்கும் பரவியது. அந்தப் பெயரை அவர் கடைசிவரை வெறுத்தார். நீதிமன்றம் அவரை விடுவிக்க மறுத்தது. பொதுமக்களின் உயிரைக் காக்கும் பொறுப்பு சுகாதாரத் துறைக்கு உண்டு என்பது அதன் முடிவு.

அடுத்த ஆண்டு பொறுப்பேற்ற புதிய சுகாதார ஆணையர் எர்ன்ஸ்ட் லெடர்லிக்கு மேரியின்மீது இரக்கம் பிறந்தது. 1910 பிப்ரவரியில் அவரை விடுதலை செய்தார். நிபந்தனைகள் இரண்டு: இனிச் சமையல் வேலைக்குப் போகக்கூடாது, குறித்த காலத்திற்கு ஒருமுறை சுகாதாரத் துறைக்கு வந்து தம் இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும். மேரி இரண்டிற்கும் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டார். அவருக்குத் துணி வெளுக்கும் வேலை ஒன்று ஏற்பாடாயிற்று.

அதில் கிடைத்த ஊதியம், சமையற்காரராக அவர் பெற்றதைவிட மிகக் குறைவு. நாற்பது வயதைக் கடந்த பெண். குடும்பம் இல்லை, சேமிப்பு இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் தடைசெய்யப்பட்டுவிட்டது. வேறு தொழிலைக் கற்றுக்கொடுக்கவோ, ஊதியக் குறைவை ஈடுகட்டவோ அரசாங்கம் முன்வரவில்லை. சில ஆண்டுகள் அவர் வாக்கைக் காப்பாற்றினார். பின்னர், சுகாதாரத் துறையின் கண்ணிலிருந்து மறைந்துபோனார்.

1915ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் உள்ள ஸ்லோன் மகளிர் மருத்துவமனையில் திடீரென டைபாய்டு பரவியது. மருத்துவர்கள், தாதியர், ஊழியர்கள் என 25 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் இருவர் இறந்தனர். அங்கே சமையலறையில் மேரி பிரவுன் என்ற பெண் வேலை செய்துவந்தார். மற்றப் பணியாளர்கள் வேடிக்கையாக அவரை டைபாய்டு மேரி என்று கேலி செய்வார்களாம். மருத்துவமனையின் தலைமை மருத்துவர் சோப்பரை அழைத்து, அச்சமையற்காரர் எழுதிய கடிதம் ஒன்றைக் காட்டினார். சோப்பர் கையெழுத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். கேலிப் பெயர்தான் உண்மைப் பெயராக இருந்தது.

இம்முறை மேரிக்காகப் பரிந்து பேச எவரும் இல்லை. முதல் முறை அவர் அறியாமல் செய்தார் என்று இரங்கியவர்கள்கூட, இப்போது பெயரை மாற்றிக்கொண்டு, அதுவும் பிள்ளை பெறும் தாய்மார்கள் தங்கும் மருத்துவமனையில் சமைத்ததை மன்னிக்கவில்லை. அது மன்னிக்கக்கூடியதும் அன்று. இறந்த இருவருக்கும் தம் தட்டில் வந்த உணவை யார் சமைத்தார் என்பதை அறிய வழியே இல்லை. அதே வேளையில், மேரி மற்றவர்களைக் கொல்ல வேண்டும் என்று எண்ணியவர் அல்லர். தம் உடலில் கிருமி இருக்கிறது என்பதை அவர் என்றுமே நம்பவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, கண்ணாடியில் பார்த்தால் ஆரோக்கியமான முகம். கண்ணுக்குத் தெரியாத ஒன்று தம் பித்தப்பைக்குள் குடியிருக்கிறது என்று, தம்மைச் சிறைப்பிடித்தவர்கள் சொன்னால் எப்படி நம்புவது? கழிப்பறை சென்று வந்தபின் சவர்க்காரமிட்டு நன்றாகக் கைகழுவும் பழக்கம் ஒன்றையாவது, அவர் மனம் ஏற்கும் வகையில் யாரேனும் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். அப்படி எவரும் செய்ததாகத் தெரியவில்லை.

1915 மார்ச்சில் மேரி மீண்டும் அதே தீவுக்கு அனுப்பப்பட்டார். இந்த முறை 23 ஆண்டுகள்.

காலப்போக்கில் அவருடைய சீற்றம் தணிந்தது. 1918ஆம் ஆண்டிலிருந்து பகல் வேளையில் தீவைவிட்டு நகருக்குச் சென்றுவர அனுமதித்தனர். நண்பர்களைப் பார்த்துவிட்டு மாலையில் தவறாமல் திரும்பிவிடுவார். மருத்துவமனையில் அவருக்குச் சிறு வேலைகள் கிடைத்தன. பின்னர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். கண்ணாடிக் குழாய்களையும் புட்டிகளையும் கழுவி, பரிசோதனைக்கு ஆயத்தம் செய்து கொடுத்தார். எந்த ஆய்வுக்கூடத்தின் முடிவுகளை நம்ப மறுத்தாரோ, அத்தகைய ஒரு கூடத்திலேயே பல ஆண்டுகள் வேலை பார்த்தார். நுண்ணோக்கியின் வழியாக அவர் எப்போதாவது எட்டிப் பார்த்திருப்பாரா, பார்த்தபின் மனம் மாறியிருப்பாரா என்று நாம் ஊகிக்கத்தான் முடியும். நோயைப் பற்றி அவர் யாரிடமும் பேச விரும்பியதில்லை.

இதற்கிடையில் நியூயார்க் நகரில் மேலும் நூற்றுக்கணக்கான நோய்க்கடத்திகள் கண்டுபிடிக்கப்பட்டனர். அவர்களுள் உணவுத் தொழிலில் இருந்தவர்களும் உண்டு. டோனி லபெல்லா என்பவரால் 1922ஆம் ஆண்டளவில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு நோய் பரவி, ஐவர் இறந்தனர். மேரியால் நோயுற்றவர்களாகக் கணக்கிடப்பட்டவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர். அவர்களுள் இறந்தவர்கள் மூவர். ஆயினும் வாழ்நாள் முழுவதும் தீவில் அடைக்கப்பட்டவர் மேரி ஒருவரே. அவர் முதலாவதாகப் பிடிபட்டவர், ஏழை, குடிபெயர்ந்து வந்தவர், கணவரும் பிள்ளைகளும் இல்லாத பெண், அதிகாரிகளிடம் பணிந்து போகாதவர். இவை எல்லாம் சேர்ந்தே அவருடைய விதியை எழுதின என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். வாக்கை மீறி மீண்டும் சமைத்ததும் அக்கணக்கில் சேரும்.

இன்று டைபாய்டுக்குத் தடுப்பூசியும் மருந்தும் உண்டு. 1948ஆம் ஆண்டில் குளோரம்பெனிக்கால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இந்நோயைக் குணப்படுத்தும் என்று தெரியவந்தது. நோய்க்கடத்திகளுக்கும் தகுந்த மருந்தை வாரக்கணக்கில் கொடுத்துப் பெரும்பாலோரைக் குணமாக்கலாம். மலேசியாவில் உணவு கையாளும் பணியாளர்கள் மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டு, டைபாய்டு தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற விதி இருக்கிறது. காய்ச்சல் சில நாள்களுக்கு மேல் நீடித்து நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால், மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்து கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார். இந்த வசதிகளில் எதுவும் மேரியின் காலத்தில் அவருக்குக் கிட்டவில்லை.

1932ஆம் ஆண்டின் இறுதியில் மேரி பக்கவாதத்தால் தாக்குண்டார். அவர் வேலைக்கு வராததைக் கண்டு வீட்டிற்குச் சென்று பார்த்தபோது, தரையில் விழுந்து கிடந்தார். அதன் பிறகு அவரால் நடக்க முடியவில்லை. ரிவர்சைடு மருத்துவமனையின் கட்டிலில் ஆறு ஆண்டுகள் கிடந்து, 1938 நவம்பர் 11ஆம் நாள் தமது 69ஆம் வயதில் காலமானார். இறப்புக்குக் காரணம் டைபாய்டு அன்று; நுரையீரல் அழற்சி.

பிராங்க்ஸ் பகுதியில் உள்ள செயின்ட் ரேமண்ட் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தனர். இறுதிச் சடங்கிற்கு வந்தவர்கள் ஒன்பது பேர். கல்லறைக் கல்லில் நாளிதழ்கள் சூட்டிய பெயர் இல்லை. மேரி மேலன் என்றே பொறிக்கப்பட்டிருக்கிறது.